காயத்தைப் பார்! காரைப் பார்க்காதே!

சாட்சிக் கூண்டில் ஏறத் தெரியாத சாட்சி ஒன்று உண்டு, தோழர்களே! அது சத்தியப் பிரமாணம் எடுக்காது. குறுக்கு விசாரணையிலே குழம்பாது. கைக்கூலி வாங்காது. ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாது. முறிந்த எலும்பு அது! கன்றிப்போன காது அது! சூடுபட்ட முதுகு அது! வதைபட்ட குழந்தையின் உடலே அந்தச் சாட்சி.

அந்தச் சாட்சியின் மொழி எல்லோருக்கும் எட்டாது. அண்டை வீட்டாரைச் சுவர் தடுக்கிறது. உறவினரை உறவே தடுக்கிறது. எட்டுகிற இடத்திலே இருப்பவர்கள் சிலரே. டாக்டர், நர்ஸ், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், விடுதிக் காப்பாளர். சட்டையைக் கழற்றி உடலைப் பார்க்கும் உரிமை டாக்டருக்கு உண்டு. நேற்றுவரை துள்ளி வந்த பிள்ளை இன்று மூலையிலே முடங்கிக் கிடப்பதை ஆசிரியர் காண்கிறார். கண்ட பிறகு என்ன செய்கிறார்கள்? சொல்ல வேண்டிய இடத்திலே சொல்கிறார்களா? களிம்பு தடவி அனுப்பிவிடுகிறார்களா? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இது படித்தவர்களின் பிரச்சினை, பஞ்சாலைத் தொழிலாளிக்கும் பாரம் சுமப்பவனுக்கும் இதிலே என்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். விடியற்காலையிலே வேலைக்குப் போகிறவன், பெற்ற பிள்ளையை யாரோ ஒருவர் கண்ணிலே ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறான். அந்தக் கண் எப்படிப் பார்க்கிறது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அந்தக் கண் ஏழையை ஒரு விதமாகவும் சீமானை வேறு விதமாகவும் பார்க்கிறது என்று தெரிந்தால், கேட்பது கடமையும் ஆகிறது.

ஐயம் எழுந்த மறுகணம் டாக்டரின் மனத்துக்குள்ளே ஒரு பட்டிமன்றம் கூடுகிறது.

"உறுதியாகத் தெரியுமா உனக்கு?" என்கிறது ஒரு குரல்.

"தவறாகிப் போனால் ஒரு குடும்பத்தின் மானம் என்னாவது?" என்கிறது இரண்டாவது குரல்.

"இந்தத் தாய் இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாளே, பிறகு பிள்ளைக்கு யார் வைத்தியம் பார்ப்பது?" என்கிறது மூன்றாவது.

"சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? கோர்ட்டுக்கும் போலீசுக்கும் அலைவது நாம்தானே!" என்கிறது நான்காவது.

இந்த நான்கு குரல்களுக்கும் மரியாதையாகவே பதில் சொல்லலாம். சொல்லவும் போகிறேன். ஆனால் ஐந்தாவதாக ஒரு குரல் உண்டு. அது உரக்கப் பேசாது. காதோடு காதாக முணுமுணுக்கும். "பார்த்தால் நல்ல குடும்பமாகத் தெரிகிறதே!" அந்தக் குரலைத்தான் முதலிலே பிடித்து இழுத்து வந்து முச்சந்தியிலே நிறுத்த வேண்டும்.

1860ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து மருத்துவ அறிஞர் தார்தியூ, பெற்றோராலும் மற்றோராலும் வதைக்கப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார். மருத்துவ உலகம் கேட்டதா? கேளாக் காதாகவே இருந்தது. 1946இல் நியூயார்க்கிலே காஃபி என்ற எக்ஸ்ரே நிபுணர் ஆறு குழந்தைகளின் படங்களை வெளியிட்டார. தலைக்குள்ளே இரத்தக் கட்டு, கை கால்களிலே முறிவு. விழுந்ததாக வரலாறு இல்லை, எலும்பு நோயும் இல்லை. அப்படியானால் முறித்தது யார்? படம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. பெற்ற கையா இப்படிச் செய்யும் என்று மனம் மறுத்தது.

1962ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில்தான் பூட்டு உடைந்தது. டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பும் அவருடைய தோழர்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலே ஒரு கட்டுரை எழுதினர். 71 மருத்துவமனைகளைக் கேட்டார்கள். ஓராண்டுக்குள் அடிபட்டு வந்த குழந்தைகள் 302. இறந்தவை 33. மூளை பழுதுற்று வாழ்நாள் முழுதும் ஊனமானவை 85. போர்க்களக் கணக்கல்ல தோழர்களே, வீட்டுக்குள் நடந்த கணக்கு! பெற்றோர் செய்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவே டாக்டரின் மனம் மறுக்கிறது, அந்த மறுப்பே உண்மையைக் காணத் தடையாகிறது என்பதையும் அந்தக் கட்டுரை மறைக்காமல் சொல்லிற்று.

நாடு அதிர்ந்தது. ஐந்தே ஆண்டுகள். 1967க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. டாக்டரே, நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான ஐயம் இருந்தால் போதும், சொல் என்றது சட்டம். நல்லெண்ணத்தோடு சொன்னால் உன்மீது வழக்கு வராது என்று கவசமும் கொடுத்தது.

சட்டம் வந்தது. சபாஷ்! கண் திருந்தியதா?

அதே டென்வர் நகரம். 1999ஆம் ஆண்டு. வதையினால் தலையிலே அடிபட்ட, மூன்று வயது நிரம்பாத 173 குழந்தைகளின் ஏடுகளைப் புரட்டினார்கள். அவர்களில் 54 பேர், உண்மை வெளிப்படுவதற்கு முன்பே டாக்டரிடம் கொண்டுவரப்பட்டவர்கள்! வாந்தி என்றும் காய்ச்சல் என்றும் தற்செயலாகப் பட்ட அடி என்றும் எழுதப்பட்டு, அதே வீட்டுக்கு, அதே கைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் 15 பேர் மீண்டும் அடிபட்டனர். ஐந்து பேர் இறந்தனர். முன்பே கண்டிருந்தால் அந்த ஐவரில் நால்வரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றனர் ஆராய்ந்தவர்கள்.

யாருடைய பிள்ளைகள் இப்படித் தவறவிடப்பட்டார்கள்? இங்கேதான் நெஞ்சு சுடுகிறது. வெள்ளைத் தோல் கொண்ட பிள்ளைகள். தாயும் தந்தையும் ஒரே வீட்டில் வாழும் 'கட்டுக்கோப்பான' குடும்பத்துப் பிள்ளைகள். டாக்டர் காயத்தைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். கழுத்துப் பட்டையைப் பார்த்தார். கைகுலுக்கிய கண்ணியத்தைப் பார்த்தார். ஐந்தாவது குரல் வென்றது, பிள்ளை தோற்றது.

நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். 2002ஆம் ஆண்டு பிலடெல்பியா ஆராய்ச்சி ஒன்று, எலும்பு முறிந்து வந்த சிறு குழந்தைகளைப் பற்றியது. கறுப்பினத்தார் போன்ற சிறுபான்மையினர் வீட்டுப் பிள்ளை என்றால் 'இது வதையாக இருக்குமோ' என்ற சோதனையும் அதிகம், புகாரும் அதிகம். முறிவு ஒன்றே. மருத்துவ நூலும் ஒன்றே. பார்வை மட்டும் இரண்டு! பணக்காரப் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை, பாட்டாளித் தகப்பனுக்கு நியாயம் இல்லை. ஒரே குருட்டுக் கண் செய்த இரட்டை அநீதி இது.

லண்டனுக்கு வாருங்கள். ஐவரி கோஸ்ட் நாட்டுச் சிறுமி விக்டோரியா கிளிம்பி. படிக்க வைக்கிறேன் என்று கூறிப் பெற்றோரிடமிருந்து அழைத்து வந்தாள் பாட்டி முறையான ஒருத்தி. 1999 ஜூலையில் சிறுமியின் உடம்பிலே இருந்த தழும்புகளைக் கண்டு ஐயுற்றார் ஓர் இளம் டாக்டர். அவர் ஐயுற்றது சரி. ஆனால் மேலே இருந்த பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இது சொறிசிரங்கு" என்றார். முடிந்தது! போலீஸ் பாதுகாப்பு விலக்கப்பட்டது, மறுநாளே சிறுமி திருப்பி அனுப்பப்பட்டாள். பத்து நாளில் தலையிலே சுடுநீர்க் காயத்தோடு இன்னொரு மருத்துவமனை. அங்கிருந்தும் அதே வீட்டுக்கு. பாட்டியின் எதிரே அந்தச் சிறுமி விறைத்து நிற்பதைப் பற்றி அறிந்த சமூகப் பணியாளர், அந்த இனத்துக் குடும்பங்களிலே பெரியவர்களுக்குப் பிள்ளைகள் மரியாதை காட்டும் முறை இது என்று கருதினார். மரியாதையா அது? மரண பயம்!

2000 பிப்ரவரி 25. எட்டு வயதிலே விக்டோரியா இறந்தாள். உடலிலே எண்ணப்பட்ட காயங்கள் 128. கொன்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2003இல் வெளிவந்த லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை, காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் 12 என்று எண்ணிக் காட்டியது. பன்னிரண்டு கதவுகள்! மருத்துவமனை, போலீஸ், நகரசபை என்று பன்னிரண்டையும் ஒரு குழந்தை தட்டியது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் இருந்தவர், அடுத்த கதவு திறக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரி, ஐயப்பட்டு ஐயப்பட்டு அப்பாவிகளை அழித்துவிட்டால்?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1987ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிளீவ்லாந்துப் பகுதியிலே அப்படியும் நடந்தது. உடலிலே காணும் ஓர் அறிகுறிக்கு அளவுமீறிய மதிப்புக் கொடுத்து, சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று இரண்டு டாக்டர்கள் முடிவு கட்டினர். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பிறகு வீடு திரும்பினர். பட்ட அவமானம் திரும்பியதா? அமெரிக்காவிலே 2017இல் வெளியான கணக்கு ஒன்றைப் பாருங்கள். 18 வயதுக்குள் குழந்தைகள் நல அதிகாரிகளின் விசாரணையைச் சந்திக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு 37 பேர். கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 53 பேர். பசியும் கிழிசலும் கூடப் புகாராகிவிடுகின்றன அங்கே. வறுமையை வதை என்று எழுதும் பேனா, வதையை வழுக்கி விழுந்தது என்று எழுதும் பேனாவுக்கு உடன்பிறந்தது.

ஆகவே என்ன செய்வது? ஐயப்படாமல் இருப்பதா? இல்லை. ஐயத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே வேலி கட்டுவது. சொல்வது ஒருவர் வேலை. துருவி விசாரிப்பது இன்னொருவர் வேலை. தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. கிளீவ்லாந்திலே ஐயமே தீர்ப்பாயிற்று. லண்டனிலே தீர்ப்புக் கிடைக்கும்வரை ஐயத்தை வெளியே விடவில்லை. இரண்டு இடத்திலும் பிழை ஒன்றே. தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரியாத பிழை!

"உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்ட முதல் குரலுக்கு இதுவே பதில். தெரிய வேண்டியதில்லை. புகை கண்டவன் மணியடிக்க வேண்டும். பொறி எங்கே விழுந்தது என்று தீயணைப்புக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் புகையைப் புகை என்று காணக் கற்றிருக்க வேண்டும். அந்தக் கல்வி உண்டு. ஓடியாடும் பிள்ளையின் முழங்காலிலும் நெற்றியிலும் கன்றல் இருப்பது இயல்பு. காதிலே, கழுத்திலே, வயிற்றிலே கன்றல் இருந்தால் கேள். தவழவும் தெரியாத சிசுவின் உடலிலே கன்றல் இருந்தால் கட்டாயம் கேள். சிசுவின் விலா எலும்பு முறிந்திருந்தால் விடாதே. சொல்லும் கதை காயத்தோடு பொருந்துகிறதா? காலையிலே ஒரு கதை, மாலையிலே ஒரு கதையா? அடிபட்டது திங்களன்று, கொண்டுவந்தது வியாழனன்றா? இவைதாம் கேள்விகள். "அப்பா என்ன உத்தியோகம்?" என்பது இந்தப் பட்டியலிலே கிடையாது.

நம் நாட்டிலே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் வந்தது. நவம்பர் 14 முதல் நடைமுறை. பிள்ளைகள் மீது பாலியல் குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், நடந்தது என்று தெரிந்தாலும், யாராயிருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே தீரவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. டாக்டருக்கு மட்டுமல்ல, ஆயாவுக்கும் அதே கடமை. சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மூடி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. இரண்டாவது குரலுக்கும் இங்கே பதில் உண்டு. குழந்தையின் பெயரைப் பத்திரிகையிலே போடக் கூடாது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ், சீருடையிலே வரக் கூடாது.

மராட்டிய மாநிலம் சந்திரபூர் மாவட்டத்திலே ஒரு விடுதி. பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த இடம். அங்கே அவர்கள் மீது பாலியல் கொடுமை நடந்ததாக 2019இல் வழக்கு. சிறுமிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்பது அவர் மீது குற்றச்சாட்டு. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளிற்று. 2022 நவம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த டாக்டர் குற்றவாளியா என்பதை விசாரணைதான் முடிவு செய்யும். ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், அது பல நேரங்களிலே கொடியவனைக் காப்பாற்றும் முயற்சியாகிறது என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொல்லிவிட்டது. மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் பிள்ளையை விடுதிக்கு அனுப்பியவனுக்கு வேறு யார் துணை? அந்த டாக்டர் கண்ணும், அந்தக் காப்பாளர் நாக்கும்தானே!

சட்டத்திலே ஓட்டை இல்லையா? உண்டு. போக்சோவின் கட்டளை பாலியல் குற்றத்துக்கு மட்டுமே. அடி, உதை, சூட்டுக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தண்டனை வைத்திருக்கிறது. ஆனால் கண்டவர் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டளை அந்தப் பிரிவிலே இல்லை. அது வரவேண்டும். மூன்றாவது குரல் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பதினேழு வயதுப் பெண் காதலித்துக் கருவுற்றாள் என்றாலும் டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு அஞ்சி அவள் போலி வைத்தியனிடம் போய் உயிரை விடக்கூடும். இதை உணர்ந்துதான் 2022 செப்டம்பர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் அத்தகைய பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தகவல் தரும்போது பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்றது. சட்டம் சுத்தியல் மட்டுமல்ல, அளவுகோலும் ஆகவேண்டும் என்பதற்கு இது சான்று.

நான்காவது குரல் மிச்சம். "சொல்லித்தான் என்ன?" இந்தக் குரல் தனி மனிதனின் குரல். தனியாக நிற்பவனுக்கு எதற்கும் அச்சம்தான், இதை எந்தத் தொழிற்சங்கத் தோழனுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நெதர்லாந்து நாடு இதற்கு வழி கண்டது. 2013 ஜூலை முதல், டாக்டர், ஆசிரியர், குழந்தைக் காப்பகத்தார் எல்லோரும் ஐந்து படி முறையைப் பின்பற்ற வேண்டும் என்று சட்டம் செய்தது. கண்டதை எழுதி வை. சக ஊழியரையும், இதற்கென்றே உள்ள ஆலோசனை மையத்தையும் கேள். குடும்பத்தோடு பேசு. எடை போடு. முடிவு செய். என்ன பொருள்? எவரும் தனியாக முடிவு செய்யக் கூடாது. காகிதத்திலே ஏறிய காயத்தைக் காரும் கழுத்துப் பட்டையும் அழிக்க முடியாது. இளம் டாக்டரின் ஐயத்தைப் பெரிய டாக்டர் ஒரே சொல்லால் ஊதி அணைக்கவும் முடியாது.

இத்தகைய குழு நம் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற எவரிடமும் கேளுங்கள், நம்மவரிடமும் கேளுங்கள். உண்மையைச் சொன்ன நர்சை மாற்றல் செய்யாமல், விடுதிச் சமையல்காரியை வேலையை விட்டுத் துரத்தாமல் காக்கும் உத்தரவாதம் வேண்டும். சொல்லும் தைரியம் பெரும்பாலும் சிறிய சம்பளக்காரரிடம்தான் இருக்கிறது. அந்தத் தைரியத்துக்குக் காவல் வேண்டும்.

நம் பங்கு என்ன? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவிலே நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலி நம்முடையது. அதிலே உட்கார்ந்து, "இந்தப் பள்ளியிலே பிள்ளை ஒன்று அழுதால் யார் எழுதுகிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். 1098 என்ற எண்ணை மன்றத்துச் சுவரிலே, படிப்பகத்து வாசலிலே, ஆட்டோ நிறுத்தத்திலே எழுதுங்கள். குழந்தைக்காக எவரும் அழைக்கலாம், காசு கிடையாது.

இன்னொன்றும் சொல்வேன், கசந்தாலும் கேளுங்கள். அடியாத மாடு படியாது என்று பழமொழி பேசிக்கொண்டு இடுப்பு வாரைக் கழற்றுகிறவன் மாளிகையிலே மட்டும் இல்லை. நம் தெருவிலும் இருக்கிறான். மேடையிலே மனித உரிமை பேசிவிட்டு வீட்டிலே மகனுக்குச் சூடு வைப்பவன் எந்தக் கொடி பிடித்தாலும் கொடியவனே. அவனையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரன் என்று மறைத்தால், நல்ல குடும்பம் என்று மறைத்த டாக்டருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

டாக்டரே, ஆசிரியரே, நீங்கள் நீதிபதி ஆகவேண்டாம். போலீஸ் ஆகவேண்டாம். பேச முடியாதவனுக்கு நாக்காக இருங்கள், போதும். ஐயத்தை எழுதுங்கள், இன்னொருவரோடு கலந்து பேசுங்கள், உரிய இடத்திலே சொல்லுங்கள். தகப்பன் மில் முதலாளியா மூட்டை தூக்குபவனா என்று எலும்புக்குத் தெரியாது. அந்த எலும்பு காட்டும் சமத்துவத்தை எழுதுகிற பேனாவும் காட்டட்டும்!